பிக்கப் கொடுத்தால் கார் உதறுகிறதா? பட்டறைக்குப் போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை!

இப்படி ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். சனிக்கிழமை காலை, சென்னையிலிருந்து ஊருக்குக் கிளம்பிய கார் ஜி.எஸ்.டி. சாலையில் போய்க்கொண்டிருக்கிறது. ஆறு மாதங்களுக்கு முன்பு வாங்கிய செகண்ட் ஹேண்ட் பெட்ரோல் ஹேட்ச்பேக். உள்ளே நான்கு பேர், ஏ.சி. ஓடுகிறது, டிக்கி நிறைய பை. சமதளத்தில் எந்தப் பிரச்னையும் இல்லை. மேம்பாலத்தில் ஏற மூன்றாவது கியரில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தியதும் கார் 'தடதட'வென உதறுகிறது. சீட், ஸ்டீயரிங், டேஷ்போர்டு எல்லாம் நடுங்குகின்றன. காலை எடுத்தால் உடனே அமைதி. மறுபடி மிதித்தால் மறுபடி உதறல்.

பின் சீட்டிலிருந்து அம்மா கேட்கிறார்: "என்னப்பா, வண்டி இப்படி ஆடுது?"

பதில் தெரியாது. திங்கள்கிழமை பட்டறைக்குப் போனால் முதலில் கிடைக்கும் தீர்ப்பு, "வீல் பேலன்ஸிங் போயிருக்கும் சார்". செய்கிறார்கள். உதறல் போகவில்லை. அடுத்தவர், "என்ஜின் மவுண்ட் மாத்தணும்" என்கிறார். மாற்றுகிறார்கள். கொஞ்சம் குறைந்தது போலத் தெரிகிறது, இரண்டு வாரத்தில் பழைய கதை. மூன்றாமவர் கிளட்சைக் கை காட்டுகிறார். செலவு ஏறிக்கொண்டே போகிறது, உதறல் மட்டும் அப்படியே இருக்கிறது.

கார் வைத்திருக்கும் பலருக்கும் இது பழகிய கதைதான். காரணம் தெரியாமல் பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றுவதுதான் இங்கே உண்மையான செலவு. இத்தனைக்கும் உதறல் எப்போது வருகிறது, எப்போது வரவில்லை என்பதைக் கவனித்தாலே பாதி நோய் தெரிந்துவிடும். அதற்கு எந்தக் கருவியும் வேண்டாம்.

முதல் கேள்வி: சுமையா, வேகமா?

காரில் வரும் நடுக்கங்களை இரண்டு குடும்பங்களாகப் பிரிக்கலாம். ஒன்று, சுமையோடு வருவது. என்ஜின் கஷ்டப்பட்டு இழுக்கும்போது மட்டும் தெரியும். காலை எடுத்ததும் மறையும். இன்னொன்று, வேகத்தோடு வருவது. குறிப்பிட்ட கி.மீ. வேகத்தைத் தொட்டதும் ஆரம்பிக்கும். ஆக்ஸிலரேட்டரில் கால் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தொடரும்.

இரண்டையும் பிரித்துப் பார்க்க மூன்று சின்ன சோதனைகள் போதும். போக்குவரத்து குறைந்த, நேரான சாலையில், பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்துக்கொண்டு செய்வது நல்லது.

1. உதறல் வரும்போது பிரேக் பிடிக்காமல் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மட்டும் எடுக்க வேண்டும். வேகம் பெரிதாகக் குறையும் முன்பே உதறல் சட்டென நின்றால், சந்தேகம் என்ஜின், ஆக்ஸில், மவுண்ட் பக்கம். தொடர்ந்து ஆடினால் சந்தேகம் டயர், வீல் பக்கம்.

2. அதே வேகத்தில் ஒரு கியர் மாற்றிப் பார்க்க வேண்டும். உதாரணமாக, 50 கி.மீ. வேகத்தில் மூன்றாவது கியரிலும் நான்காவது கியரிலும். கியர் மாறியதும் நடுக்கத்தின் தன்மையும் மாறினால் அது என்ஜின் வேகத்தைப் பின்தொடர்கிறது. கியர் எதுவானாலும் அதே 50-இல் அதே ஆட்டம் என்றால் அது சக்கரத்தின் வேகத்தைப் பின்தொடர்கிறது.

3. வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, மெதுவாக ரேஸ் கொடுத்துப் பார்க்க வேண்டும். நின்ற இடத்திலேயே உதறினால் டயருக்கும் ஆக்ஸிலுக்கும் சம்பந்தமில்லை. ஆனால், நின்ற இடத்தில் உதறவில்லை என்பதற்காக என்ஜினை நிரபராதி என்று விட்டுவிடவும் கூடாது. சுமை இல்லாதபோது ஒளிந்துகொள்ளும் கோளாறுகள் உண்டு.

முதலில் சொன்ன காரில் காலை எடுத்ததும் உதறல் நின்றது. அப்படியென்றால் வீல் பேலன்ஸிங்குக்கு அங்கே வேலையே இல்லை. அந்த முதல் பில்லை இந்த ஒரு சோதனையே மிச்சப்படுத்தியிருக்கும்.

'மிஸ்ஸிங்' என்றால் என்ன?

"வண்டி மிஸ்ஸிங் அடிக்குது" என்று மெக்கானிக்குகள் சொல்வதைக் கேட்டிருப்போம். பெட்ரோல் கார்களில் சுமையோடு வரும் உதறலுக்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

நான்கு சிலிண்டர் என்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் முறை வைத்து எரிபொருளை எரித்து கிராங்க் ஷாஃப்டைத் தள்ளுகிறது. என்ஜின் இரண்டு சுற்று சுற்றினால் ஒரு சிலிண்டர் ஒரு முறை எரிக்கும். 3,000 ஆர்.பி.எம். என்றால் ஒரு சிலிண்டருக்கு நொடிக்கு 25 முறை. நான்கும் சேர்ந்து நொடிக்கு 100 தள்ளல். இவ்வளவு வேகமாக, சீராக வருவதால்தான் நமக்கு ஓட்டம் வழவழப்பாகத் தெரிகிறது. இதில் ஒரு சிலிண்டர் தன் முறையைத் தவறவிட்டால் தாளம் உடைகிறது. நான்கு பேர் பல்லக்குத் தூக்கும்போது ஒருவர் மட்டும் அடிக்கடி தோளை விட்டால் எப்படி இருக்குமோ, அப்படித்தான் கார் ஆடும்.

சிலிண்டர் ஏன் எரிக்கத் தவறுகிறது? எரிய வேண்டுமென்றால் சரியான அளவு காற்று, சரியான அளவு எரிபொருள், போதுமான அழுத்தம், சரியான நேரத்தில் தீப்பொறி ஆகிய நான்கும் வேண்டும். இதில் அதிகம் காலை வாருவது தீப்பொறிதான்.

பேட்டரியின் 12 வோல்ட்டை இக்னிஷன் காயில் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்துகிறது. அந்த மின்சாரம் ஸ்பார்க் பிளக்கின் முனையில் ஒரு மில்லிமீட்டர் அளவேயுள்ள இடைவெளியைத் தாவும்போதுதான் தீப்பொறி. ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் சிலிண்டருக்குள் அதிகக் காற்றும் எரிபொருளும் நுழைகின்றன, அழுத்தம் கூடுகிறது. அடர்த்தியான காற்றைத் தாண்டித் தாவ அதிக வோல்ட் தேவை. பிளக் தேய்ந்து இடைவெளி அகன்றிருந்தாலோ, காயில் பலவீனமாக இருந்தாலோ, அதன் உறையில் விரிசல் இருந்தாலோ மின்சாரம் தாவாமல் தோற்றுப்போகிறது. அல்லது குறுக்கு வழியில் கசிந்துவிடுகிறது.

சமதளத்தில் ஒழுங்காக ஓடும் கார் மேம்பாலத்தில் மட்டும் உதறுவதன் ரகசியம் இதுதான். ஏ.சி.யை அணைத்தால் உதறல் குறைவதும், ஆள் குறைந்தால் குறைவதும் இதே காரணத்தால்தான்.

சாதாரண நிக்கல் பிளக்குகள் 30,000 முதல் 40,000 கி.மீ. வரையிலும், இரிடியம் வகைகள் அதைவிட இரண்டு மூன்று மடங்கும் உழைப்பது பொதுவான கணக்கு. உங்கள் காருக்கு எவ்வளவு என்பது ஓனர்ஸ் மேனுவலில் இருக்கும். செகண்ட் ஹேண்ட் கார் வாங்கியவர்கள், பிளக் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று சர்வீஸ் ரெக்கார்டில் பார்ப்பது முதல் வேலை. ரெக்கார்டு இல்லையென்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

மஞ்சள் விளக்கு சொல்லும் செய்தி

டேஷ்போர்டில் என்ஜின் வடிவில் எரியும் மஞ்சள் விளக்கு, 'செக் என்ஜின் லைட்'. "அது சும்மா எரியும் சார், சென்சார் பிரச்னை" என்று ஒதுக்கிவிடுபவர்கள் நிறைய. இரண்டு நிலைகளுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும்.

நிலையாக எரிந்தால்: கோளாறு ஒன்று பதிவாகியிருக்கிறது. பதற்றம் வேண்டாம், சில நாட்களுக்குள் பார்த்துவிட வேண்டும்.

உதறலோடு சேர்ந்து விட்டு விட்டு மின்னினால்: மிஸ்ஸிங் கடுமையாக இருக்கிறது. இது எச்சரிக்கை. ஆக்ஸிலரேட்டரைத் தளர்த்தி, பாதுகாப்பான இடத்தில் ஓரம்கட்ட வேண்டும்.

காரணம், சைலன்ஸர் பாதையில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். புகையில் உள்ள நச்சைக் குறைக்கும் இந்தப் பாகத்துக்குள் தேன்கூடு போன்ற செராமிக் அமைப்பு இருக்கிறது. அதன்மீது பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற விலை உயர்ந்த உலோகங்கள் பூசப்பட்டிருக்கும். சிலிண்டரில் எரியாத பெட்ரோல் நேராக இங்கே வந்து எரிகிறது. சூடு தாறுமாறாக ஏறி, தேன்கூடு உருகி அடைத்துக்கொள்ளும். சில ஆயிரம் ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய காயில் பிரச்னை, பல பத்தாயிரங்களாக மாறும் இடம் இது. 'இந்த மாசம் போகட்டும், அடுத்த சம்பளத்துல பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போடுவதன் விலை இது.

விளக்கு எரியவே இல்லை என்றால் கோளாறு இல்லை என்று அர்த்தமா? இல்லை. பல கோளாறுகளில், அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் பிரச்னை தெரிந்தால்தான் கணினி விளக்கைப் போடும். அதுவரை 'பெண்டிங் கோட்' என்ற பெயரில் நினைவில் வைத்திருக்கும். அதை ஸ்கேனரில் மட்டுமே பார்க்க முடியும்.

ஸ்டீயரிங்குக்குக் கீழே, டேஷ்போர்டின் அடிப்பகுதியில் 16 பின்கள் கொண்ட ஓ.பி.டி. போர்ட் இருக்கும். புளூடூத் ஸ்கேனரை அதில் செருகி, மொபைல் ஆப் வழியே கோடுகளைப் படிக்கலாம். பட்டறையிலும் படித்துத் தருவார்கள். பி0300 என்றால் எந்தச் சிலிண்டர் என்று குறிப்பிட முடியாத மிஸ்ஸிங். பி0301 முதலாவது சிலிண்டர், பி0302 இரண்டாவது, பி0303 மூன்றாவது, பி0304 நான்காவது.

ஒன்றை மறக்கக் கூடாது. 'இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஸிங்' என்றுதான் கோட் சொல்லும். 'காயிலை மாற்று' என்று சொல்லாது. காய்ச்சல் இருக்கிறது என்று தெர்மாமீட்டர் சொல்வது போலத்தான் இது. என்ன காய்ச்சல் என்பதை இனிமேல்தான் கண்டுபிடிக்க வேண்டும். கோடை அழித்துவிட்டு "சரியாயிடுச்சு சார்" என்று சாவியைக் கொடுத்தால், அங்கே எதுவும் சரி செய்யப்படவில்லை.

காசு செலவில்லாத காயில் சோதனை

ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி காயில் இருக்கும் கார்களில் அனுபவமுள்ள மெக்கானிக்குகள் செய்யும் எளிய சோதனை இது. கோட் பி0302 என்று வைத்துக்கொள்வோம். என்ஜினை அணைத்து, ஆறவிட்டு, இரண்டாவது சிலிண்டரின் காயிலைக் கழற்றி மூன்றாவதில் போட வேண்டும். மூன்றாவதன் காயில் இரண்டாவதுக்கு. பழைய கோடை அழித்துவிட்டு, அதே மேம்பாலத்தில் அதே மாதிரி ஓட்ட வேண்டும்.

இப்போது பி0303 வந்தால், கோளாறு காயிலோடு சேர்ந்து இடம் மாறிவிட்டது. குற்றவாளி காயில்தான். பி0302-வே மறுபடி வந்தால் காயில் நல்லது. அடுத்து பிளக்கையும் இதே போல் இடம் மாற்றிப் பார்க்கலாம். அதற்கும் அசையவில்லை என்றால் இன்ஜெக்டர், வயரிங், கடைசியில் கம்ப்ரஷன் சோதனை. இந்த வரிசையில் போனால் எந்தப் பாகத்தையும் ஊகத்தில் வாங்க வேண்டியதில்லை.

கழற்றிய பிளக்கும் பேசும். முனையில் கறுப்பாக உலர்ந்த கரி படிந்திருந்தால் கலவையில் பெட்ரோல் அதிகம் அல்லது தீப்பொறி பலவீனம். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஆயில் கசிவு. வெளிர் பழுப்பு நிறம் என்றால் ஆரோக்கியம். பிளக் குழிக்குள் ஆயிலோ தண்ணீரோ தேங்கியிருக்கிறதா என்றும் எட்டிப் பார்க்க வேண்டும். வால்வ் கவர் கேஸ்கட் கசிந்தால் அந்தக் குழியில் ஆயில் இறங்கி காயிலைக் கெடுக்கும். அப்போது காயிலை மட்டும் மாற்றினால் புதியதும் சீக்கிரம் போய்விடும்.

மழை, எலி, பெட்ரோல் பங்க்

உதறல் எப்போது ஆரம்பித்தது என்பதும் ஒரு தடயம். முந்தின நாள் வரை நன்றாக இருந்த கார் திடீரென உதறினால், இடையில் என்ன நடந்தது என்று யோசிக்க வேண்டும்.

மழைத் தண்ணீரில் ஓட்டினோமா? என்ஜினை பிரஷர் வாட்டரில் கழுவினோமா? காயில், பிளக் குழி, கனெக்டர்களில் ஈரம் புகுந்திருக்கலாம்.

நான்கைந்து நாட்கள் காரை எடுக்காமல் விட்டோமா? பானெட்டைத் திறந்து எலி வேலை ஏதும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சென்னை அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் இது கேலிக்குரிய விஷயம் அல்ல. இன்ஜெக்டர் வயரில் ஒரு கடி போதும், ஒரு சிலிண்டர் படுத்துவிடும்.

பெட்ரோல் போட்ட சில கிலோமீட்டரில் தொடங்கியதா? எரிபொருளில் தண்ணீர் கலந்திருக்கலாம். எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. தண்ணீர் அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கும். பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். பெட்ரோல் பில்லைப் பத்திரமாக வைத்திருப்பது புகார் செய்ய உதவும். பங்க்கில் ஃபில்டர் பேப்பர் சோதனை செய்துகாட்டச் சொல்லிக் கேட்க வாடிக்கையாளருக்கு உரிமை இருக்கிறது. ஆனால், அது கலப்படத்தின் கறையைக் காட்டுமே தவிர, தண்ணீரைக் காட்டாது.

சி.என்.ஜி. கார்களில் இன்னொரு வசதி இருக்கிறது. கேஸில் ஓடும்போது மட்டும் உதறி, பெட்ரோலுக்கு மாற்றியதும் சரியாகிறதா என்று பார்க்கலாம். சி.என்.ஜி. கலவையைப் பற்றவைக்க அதிக வோல்ட் தேவை என்பதால், தேய்ந்த பிளக்கும் பலவீனமான காயிலும் முதலில் கேஸில்தான் மாட்டிக்கொள்ளும்.

உதறலோடு பிக்கப்பும் குறைந்து, வண்டி பின்னால் இழுப்பது போல இருந்தால் ஏர் ஃபில்டர், த்ராட்டில் பாடியில் படிந்த கரி, ஃபியூயல் பம்ப்பின் அழுத்தம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். வேக்குவம் ஹோஸில் கசிவு என்றால் பெரும்பாலும் சிக்னலில் நிற்கும்போதுதான் ஆட்டம் அதிகம் தெரியும், மிதித்தால் குறையும். டீசல் கார்களில் பிளக்கும் காயிலும் கிடையாது. அங்கே ஃபியூயல் ஃபில்டரில் தேங்கிய தண்ணீர், இன்ஜெக்டர், கரி அடைத்த இ.ஜி.ஆர். வால்வ் ஆகியவைதான் முதல் சந்தேகம்.

என்ஜின் சுத்தம், ஆனாலும் உதறுதா? ஆக்ஸிலைப் பாருங்க!

ஸ்கேனரில் ஒரு கோடும் இல்லை. நின்ற இடத்தில் என்ஜின் அமைதி. ஆனால் வேகம் கூட்டும்போது மட்டும் கார் இடமும் வலமுமாக ஆடுகிறது. காலை எடுத்தால் நிற்கிறது. இது ஆக்ஸில் எனப்படும் டிரைவ் ஷாஃப்ட்டின் கதை.

முன் சக்கரங்கள் இழுக்கும் கார்களில் கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குச் சக்தியைக் கொண்டுபோவது இந்த ஷாஃப்ட். சக்கரம் மேலும் கீழும் ஏறி இறங்கும், இடம் வலம் திரும்பும். எந்தக் கோணத்திலும் சீராகச் சுழற்ற இரு முனைகளிலும் சி.வி. ஜாயின்ட் இருக்கிறது. கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும் உள் ஜாயின்ட் தேய்ந்தால், சக்தி பாயும்போது மட்டும் உதறும். சக்கரத்தின் பக்கம் இருக்கும் வெளி ஜாயின்ட் தேய்ந்தால், ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்துத் திரும்பும்போது 'டக் டக் டக்' என்று சத்தம் கேட்கும்.

ஜாயின்ட் தானாகத் தேய்வது குறைவு. அதை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்து, கிரீஸ் வெளியே சிதறி, மண்ணும் தண்ணீரும் உள்ளே போவதுதான் பெரும்பாலும் தொடக்கம். முன் சக்கரத்தின் உட்பக்கத்தில் கறுப்பு கிரீஸ் தெறித்திருந்தால் பூட் கிழிந்துவிட்டது என்று அர்த்தம். அந்தக் கட்டத்தில் பூட்டும் கிரீஸும் மாற்றினால் போதும். விட்டுவிட்டால் ஆக்ஸிலே மாற்ற வேண்டி வரும். எலெக்ட்ரிக் கார்களிலும் இதே ஷாஃப்ட், இதே ஜாயின்ட்தான் என்பதால், 'இ.வி.யில் என்ஜினே இல்லையே' என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது.

மவுண்ட் மாற்றியும் போகாதது ஏன்?

என்ஜின் நேரடியாக பாடியில் உட்காருவதில்லை. ரப்பர் மவுண்ட்கள்மீது உட்காருகிறது. என்ஜினின் இயல்பான அதிர்வை விழுங்குவது அவற்றின் வேலை. வருடங்கள் ஓட ஓட ரப்பர் வெடித்து, இறுகிவிடும். கியர் போடும்போதோ, ஆக்ஸிலரேட்டரை மிதித்து விடும்போதோ 'டொக்' என்று சத்தம் வருவதும், கியர் லீவர் ஆடுவதும் இதன் அடையாளங்கள்.

இங்கேதான் பலர் ஏமாறும் இடம். மவுண்ட் நடுக்கத்தை உருவாக்குவதில்லை. தடுக்க மட்டுமே செய்கிறது. மிஸ்ஸிங் உள்ள காருக்குப் புது மவுண்ட் போட்டால், நடுக்கம் உள்ளே வருவது கொஞ்சம் குறையும். 'சரியாயிடுச்சு' என்று தோன்றும். உள்ளே சிலிண்டர் தவறவிடுவது மட்டும் தொடரும், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சூடாகிக்கொண்டே இருக்கும். அதனால் முதலில் மிஸ்ஸிங் இல்லை என்று உறுதி செய்துவிட்டுத்தான் மவுண்ட்டுக்குப் போக வேண்டும்.

நின்ற இடத்திலிருந்து முதல் கியரில் கிளம்பும்போது மட்டும் உதறி, வண்டி நகர்ந்ததும் சரியாகிவிட்டால் கிளட்சைச் சந்தேகிக்கலாம். கிளட்ச் பிளேட்டில் ஆயில் பட்டிருப்பது, சூட்டில் பரப்பு சீரற்றுப் போயிருப்பது ஆகியவை காரணங்கள். அரை கிளட்சில் டிராஃபிக்கில் ஊர்ந்து பழகியவர்களுக்கு இது சீக்கிரம் வரும். ஏ.எம்.டி. கார்களிலும் உள்ளே கிளட்ச் இருக்கிறது என்பதால் அவற்றுக்கும் இது பொருந்தும்.

எல்லா அதிர்வும் நோய் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். இன்றைய சின்ன கார்களில் பல மூன்று சிலிண்டர் என்ஜின் கொண்டவை. நான்கு சிலிண்டர் ஓட்டிப் பழகியவர்களுக்கு, ஐடிலிலும் குறைந்த ஆர்.பி.எம்.மிலும் அவை சற்று அதிரத்தான் செய்யும். அதேபோல், 30 கி.மீ. வேகத்தில் நான்காவது கியரில் மிதித்தால் எந்த நல்ல காரும் முனகி உதறும். கியரைக் குறைப்பதுதான் அதற்கு மருந்து.

வேகத்தோடு வரும் ஆட்டம்: நட்டை மறக்காதீங்க

80 கி.மீ. தாண்டியதும் ஸ்டீயரிங் ஆட ஆரம்பித்து, காலை எடுத்தாலும் தொடர்ந்தால் அது சக்கரத்தின் வேலை. ஒரு ஹேட்ச்பேக்கின் சக்கரம் 100 கி.மீ. வேகத்தில் நொடிக்குச் சுமார் 15 முறை சுற்றுகிறது. அதில் ஒரு பக்கம் சில கிராம் எடை கூடினாலும் நொடிக்கு 15 முறை ஒரு குட்டு விழும். ஸ்டீயரிங் ஆடினால் பெரும்பாலும் முன் சக்கரம். சீட் ஆடினால் பின் சக்கரம்.

பேலன்ஸிங் எடை விழுந்திருப்பது, பள்ளத்தில் இறங்கி ரிம் வளைந்திருப்பது, மழைக்குப் பின் ரிம்மின் உட்புறம் சேறு காய்ந்து ஒட்டியிருப்பது ஆகியவை இதற்கான காரணங்கள். டயரின் பக்கவாட்டில் எங்காவது வீக்கம் தெரிகிறதா என்று கையால் தடவிப் பார்க்க வேண்டும். வீக்கம் இருந்தால் பேலன்ஸிங் உதவாது. அந்த டயர் எப்போது வேண்டுமானாலும் வெடிக்கலாம். உடனே மாற்ற வேண்டும். அலைன்மென்ட் என்பது வேறு விஷயம். வண்டி ஒரு பக்கம் இழுப்பதற்கும் டயர் ஒருபக்கமாகத் தேய்வதற்கும்தான் அது, உதறலுக்கு அல்ல.

எல்லாவற்றிலும் ஆபத்தானது ஒன்று உண்டு. பஞ்சர் ஒட்டிய பிறகோ டயர் மாற்றிய பிறகோ புதிதாக ஆட்டம் வந்தால், முதலில் ஓரம்கட்டி வீல் நட்களைப் பார்க்க வேண்டும். சரியாக முறுக்காத நட் கழன்று சக்கரமே தனியாகப் போகக்கூடும். டயரைக் கழற்றி மாட்டிய பின் 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் நட்களை ஒருமுறை சரிபார்ப்பது உயிரைக் காக்கும் பழக்கம்.

பட்டறையில் என்ன சொல்ல வேண்டும், என்ன கேட்க வேண்டும்?

"வண்டி வைப்ரேட் ஆகுது, பாருங்க" என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குக் கிளம்பினால், ஊகத்துக்கு வழிவிடுகிறோம் என்று பொருள். அதற்குப் பதிலாக இப்படிச் சொல்லிப் பார்க்கலாம்: "அண்ணா, மூணாவது கியர்ல ஏத்தத்துல மிதிச்சா மட்டும் உதறுது. காலை எடுத்தா நின்னுடுது. ஏ.சி. போட்டா அதிகமாகுது. நின்ன இடத்துல ஒண்ணுமில்ல. பிளக் மாத்துன ரெக்கார்டு இல்ல." இந்த ஐந்து வரிகள் போதும், நல்ல மெக்கானிக் நேராக பிளக்குக்கும் காயிலுக்கும் போய்விடுவார்.

கூடவே கவனிக்க வேண்டியவை:

* மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து, உதறலை ஓட்டிக் காட்ட வேண்டும்.

* ஸ்கேன் செய்ததும், கோடை அழிக்கும் முன்பு மொபைலில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

* எந்தப் பாகத்தை மாற்றச் சொன்னாலும், "அதுதான்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்கலாம். சோதித்தவரிடம் பதில் இருக்கும்.

* மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்க வேண்டும்.

* பில் கட்டாயம். பில் தர மறுப்பது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம்.

* வாரன்டியில் இருக்கும் கார் என்றால் வெளியே கை வைக்காமல் நேராக அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்குப் போவதே நல்லது.

எப்போது ஓட்டவே கூடாது?

செக் என்ஜின் விளக்கு மின்னும்போது, ஆட்டத்தோடு பெட்ரோல் வாடையோ கருகிய வாடையோ வரும்போது, டயரில் வீக்கம் இருக்கும்போது, வீல் நட் தளர்ந்திருக்கும்போது, ஓவர்டேக் செய்யும் நேரத்தில் பிக்கப் சட்டென விழும்போது. இந்த ஐந்தில் எது நடந்தாலும் 'வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்' என்ற பேச்சுக்கே இடமில்லை. குறிப்பாகக் கடைசியானது. இருவழிச் சாலையில் லாரியை முந்தும்போது எதிரே வரும் வண்டிக்கும் நமக்கும் நடுவே இருப்பது அந்த பிக்கப் மட்டும்தான்.

ஜி.எஸ்.டி. சாலைக் காருக்கு வருவோம். நான்காவது பட்டறையில் பாகத்தைத் தொடும் முன் ஸ்கேனரைச் செருகுகிறார்கள். விளக்கு எரியவில்லைதான், ஆனால் பெண்டிங் கோட் இருக்கிறது: பி0302. காயில்களை இடம் மாற்றி ஓட்டிப் பார்த்ததும் கோட் பி0303 ஆகிறது. பிளக்குகளைக் கழற்றினால் நான்கும் தேய்ந்து இடைவெளி அகன்றிருக்கின்றன. ஒரு காயில், நான்கு பிளக். மதியத்துக்குள் வேலை முடிகிறது. மூன்று பட்டறைகளில் கொடுத்த பணத்தில் ஒரு பகுதிதான் செலவு.

அடுத்த சனிக்கிழமை அதே மேம்பாலம், அதே நான்கு பேர், அதே ஏ.சி. மூன்றாவது கியர். கார் சத்தமில்லாமல் ஏறுகிறது. பின் சீட்டில் அம்மா தூங்கிவிட்டார்.